எலிகன்ஸ் உருளைப்புழு: உடலமைப்பும் வாழிடமும் அறியப்பட்ட வரலாறு

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது பாக்டீரியாக்களை உண்டு தனித்து வாழும் ஓர் உருளைப்புழு ஆகும். முழு வளர்ச்சி அடைந்த புழுவின் நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். உடல் கண்ணாடி போன்று ஒளி ஊடுருவக்கூடியது. உருளைப்புழுக்களை வேளாண்மைத் துறையினர் நூற்புழுக்கள் என்றும் அழைப்பர். பயிரின் வேரைத் தாக்குபவையும் மனிதரின் குடலில் வாழ்பவையுமே நமக்கு அதிகம் அறிமுகமான உருளைப்புழுக்கள். ஆனால் எந்த உயிரையும் ஒட்டி வாழாமல், மட்கும் பொருள்களில் பெருகும் பாக்டீரியாக்களை உண்டு வாழும் இனங்களும் ஏராளமாக உள்ளன. எலிகன்ஸ் அவற்றுள் ஒன்று.

இப்புழுவின் உடலில் உள்ள ஒவ்வொரு செல்லும் எதிலிருந்து தோன்றியது என்பது 1983-ஆம் ஆண்டிற்குள் அறியப்பட்டுவிட்டது. நரம்பு இணைப்புகளின் வரைபடம் 1986-இல் வெளியானது. மரபணுத்தொகுதி 1998-இல் வெளியிடப்பட்டது. ஆனால் இப்புழு இயற்கையில் எங்கே உண்டு பெருகுகிறது என்ற எளிய வினாவுக்கு 2000-ஆம் ஆண்டிற்குப் பின்னரே தெளிவான விடை கிடைத்தது. உடலை முழுமையாக அறிந்த பின்னரும் வாழிடத்தை அறியாமல் இருந்த இந்த வரலாற்றையும், அதன் விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வினிகரில் தொடங்கிய அறிமுகம்

தனித்து வாழும் உருளைப்புழுக்களுள் முதன்முதலில் நுண்ணோக்கியில் காணப்பட்டது வினிகர் புழு ஆகும். பிரெஞ்சு மருத்துவர் பியர் போரெல் 1656-இல் இதனைக் குறிப்பிட்டார். இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட 'மைக்ரோகிராபியா' நூலிலும் வினிகரில் நெளியும் இச்சிறு உயிர்கள் இடம்பெற்றன. அக்காலத்தில் வீடுகளில் வைத்திருந்த வடிகட்டாத வினிகரில் இவை சாதாரணமாகக் காணப்பட்டன. வினிகரை உண்டாக்கும் பாக்டீரியாக்களே இப்புழுக்களின் உணவு. பாக்டீரியா என்ற உயிரினமே அறியப்படாத காலத்தில், அதனை உண்ணும் புழு அறியப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வகைப் புழுக்களை வகைப்படுத்தும் பணி தொடங்கியது. பிரான்சின் பெலிக்ஸ் துஜார்தான் 1845-இல் 'ராப்டிடிஸ்' என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். கோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இங்கிலாந்தின் ஹென்றி சார்ல்டன் பாஸ்டியன் 1865-இல் ஒரே நூலில் 100 புதிய இனங்களை விவரித்தார்.

நூலகர் கண்ட புழு

எலிகன்ஸ் இனத்தை முதலில் விவரித்தவர் எமில் மோப்பா (1842–1916). இவர் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த அல்ஜியர்ஸ் நகரில் நூலகராகப் பணிபுரிந்தவர். விலங்கியல் இவருக்குத் தொழில் அன்று. ஓய்வு நேர ஈடுபாடு. அல்ஜியர்ஸ் அருகே மட்கு நிறைந்த மண்ணிலிருந்து எடுத்த புழுக்களைத் தம் வசத்தில் வளர்த்து, அவற்றின் இனப்பெருக்க முறையை நுணுக்கமாக ஆராய்ந்தார். 1900-இல் வெளியான அவரது கட்டுரையில் இப்புழு 'ராப்டிடிஸ் எலிகன்ஸ்' என்று பெயரிடப்பட்டது. 'எலிகன்ஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'நேர்த்தியானது' என்று பொருள்.

இப்புழுவில் பெரும்பாலானவை இருபாலிகள் என்பதை மோப்பா கண்டறிந்தார். அதாவது ஒரே புழு முதலில் விந்தணுக்களையும் பின்னர் முட்டைகளையும் உண்டாக்கித் தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்கிறது. ஆண் புழுக்கள் மிக அரிதாகவே தோன்றுகின்றன. இந்தத் தனித்தன்மையே பின்னாளில் மரபியல் ஆய்வுக்குப் பெரிதும் பயன்பட்டது.

ஜெர்மனியின் குந்தர் ஓஷே 1952-இல் இவ்வினத்தைச் 'சீனோராப்டிடிஸ்' என்ற துணைப் பேரினத்தில் சேர்த்தார். அமெரிக்காவின் எல்ஸ்வொர்த் டொகர்ட்டி பின்னர் அதனைத் தனிப் பேரினமாக உயர்த்தினார். இன்று வழங்கும் பெயர் அவ்வாறு அமைந்தது.

ஆய்வகத்திற்கு வந்த வழி

1940-களில் பிரான்சின் விக்டர் நிகோன் இப்புழுவின் குரோமோசோம்களையும் பால் நிர்ணயத்தையும் ஆராய்ந்தார். அவர் பயன்படுத்திய ஒரு வம்சம் பெர்ஜராக் என்னும் ஊரின் தோட்ட மண்ணிலிருந்து பெறப்பட்டது. 1948-இல் டொகர்ட்டியும் அவருடன் பணியாற்றிய கல்ஹூனும், தனித்து வாழும் உருளைப்புழுக்கள் மரபியல் ஆய்வுக்கு ஏற்றவை என்று 'நேச்சர்' இதழில் எழுதினர்.

இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் வம்சம், 1951-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகில் கிடைத்தது. காளான் வளர்ப்பதற்கான மட்கு உரத்திலிருந்து எல். என். ஸ்டானிலண்ட் என்பவர் அதனைப் பிரித்தெடுத்தார். அது டொகர்ட்டியின் வளர்ப்புக்குச் சென்று, அங்கிருந்து சிட்னி பிரென்னரை அடைந்தது. பிரென்னர் இதற்கு 'என்2' என்று குறியீடு இட்டார்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த பிரென்னர் (1927–2019) அப்போது கேம்பிரிட்ஜில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றினார். ஒரு முட்டை எவ்வாறு முழு விலங்காகிறது, நரம்பு மண்டலம் எவ்வாறு நடத்தையை உண்டாக்குகிறது ஆகிய இரு வினாக்களுக்கு விடை காண அவர் விரும்பினார். 1963 ஜூன் மாதத்தில் ஆய்வகத் தலைவர் மேக்ஸ் பெருட்சுக்கு எழுதிய கடிதத்தில் இத்திட்டத்தை முன்வைத்தார். தொடக்கத்தில் சீனோராப்டிடிஸ் பிரிக்சே என்ற உறவினத்தையே அவர் எண்ணியிருந்தார். பின்னர் எலிகன்ஸைத் தேர்ந்தெடுத்தார்.

அவரது தேர்வுக்கான காரணங்கள் தெளிவானவை. புழு சிறியது, ஆயிரக்கணக்கில் வளர்க்கலாம். ஏறத்தாழ மூன்றரை நாளில் ஒரு தலைமுறை முடிகிறது. செல்களின் எண்ணிக்கை குறைவு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முழு உடலையும் சீவிப் பார்க்கலாம். இருபாலி ஆகையால் ஒரே புழுவிலிருந்து ஒரு வம்சத்தை உருவாக்கலாம். அகார் பரப்பிய பெட்ரித்தட்டில் ஈ. கோலை பாக்டீரியாவைப் பூசி, அதன்மேல் புழுவை விட்டால் போதும். 1974-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஏறத்தாழ 300 திடீர்மாற்றப் புழுக்களும் 100 மரபணுக்களும் விவரிக்கப்பட்டன.

இப்பட்டியலில் இல்லாத ஒன்று உண்டு. இப்புழு இயற்கையில் எவ்வாறு வாழ்கிறது என்பது தேர்வுக்கான காரணங்களுள் இடம்பெறவில்லை. அன்றைய வினாக்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

உடலமைப்பு

எலிகன்ஸின் உடலை ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் என்று கருதலாம். வெளிக்குழாய் உடற்சுவர், உட்குழாய் உணவுப்பாதை. இரண்டிற்கும் இடையே திரவம் நிரம்பிய பொய் உடற்குழி உள்ளது. இத்திரவத்தின் அழுத்தமே எலும்பின் பணியைச் செய்கிறது. காற்றடைத்த மிதிவண்டிக் குழாய் விறைத்து நிற்பதுபோல் புழுவின் உடல் வடிவம் மாறாமல் இருப்பதற்கு இவ்வழுத்தமே காரணம். இரத்த ஓட்ட மண்டலமும் சுவாச உறுப்புகளும் இல்லை. உடல் மிக மெல்லியதாக இருப்பதால் ஆக்சிஜன் தோல் வழியாகவே பரவிச் செல்கிறது.

தோலும் தசையும்: உடலின் வெளிப்புறம் கொலாஜன் புரதத்தால் ஆன கியூட்டிகிள் உறையால் மூடப்பட்டுள்ளது. வளரும்போது இவ்வுறை நான்கு முறை உரிக்கப்படுகிறது. தோலுக்கு அடியில் 95 தசைச் செல்கள் நான்கு நீளப் பட்டைகளாக அமைந்துள்ளன. உடற்சுவரில் வட்டத் தசைகள் இல்லை. ஆகவே மண்புழுவைப்போல் உடலைச் சுருக்கி நீட்டி ஊர முடியாது. உடலை அலைபோல் வளைத்தே நகர்கிறது. அகார் தட்டில் இப்புழு சென்ற தடம் நெளிகோடாகத் தெரியும்.

வாயும் தொண்டையும்: பாக்டீரியா உண்ணும் புழுவின் அடையாளம் அதன் வாயில் உள்ளது. ஆறு உதடுகள் சூழ்ந்த வாய்க்குப் பின்னால் எளிய, குறுகிய குழாய் ஒன்று உள்ளது. பயிரைத் தாக்கும் நூற்புழுக்களின் வாயில் ஊசி போன்ற உறுப்பு இருக்கும். பிற சிறு உயிர்களைப் பிடித்து உண்ணும் உருளைப்புழுக்களுக்குப் பற்கள் இருக்கும். எலிகன்ஸுக்கு இவை இரண்டும் இல்லை.

வாய்க்குழாயை அடுத்துத் தசையால் ஆன தொண்டை உள்ளது. இதில் இரண்டு குமிழ்கள் உண்டு. முன்குமிழ் திரவத்துடன் பாக்டீரியாக்களை உறிஞ்சி, திரவத்தை வெளியேற்றி, பாக்டீரியாக்களை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. பின்குமிழில் உள்ள அரைப்பான் அவற்றை நசுக்குகிறது. உணவு நிறைந்த இடத்தில் தொண்டை நிமிடத்திற்கு 200 முதல் 300 முறை வரை துடிக்கிறது. இத்துடிப்பை நுண்ணோக்கியில் காண்பவர் இதயம் என்று எண்ணக்கூடும். ஆனால் இப்புழுவுக்கு இதயம் இல்லை.

குடலும் கழிவும்: குடல் 20 செல்களால் ஆனது. செரித்தல், உறிஞ்சுதல், கொழுப்பைச் சேமித்தல் ஆகிய அனைத்தும் இங்கேயே நடைபெறுகின்றன. உணவு கிடைக்கும் காலத்தில் ஏறத்தாழ 45 விநாடிக்கு ஒருமுறை கழிவு வெளியேற்றப்படுகிறது. உடல் திரவத்தின் உப்பு அளவைச் சமன்செய்யும் பணியை 'எச்' எழுத்து வடிவில் நீண்டிருக்கும் ஒரே ஒரு செல் முதன்மையாகச் செய்கிறது.

நரம்பு மண்டலம்: இருபாலிப் புழுவில் 302 நரம்புச் செல்கள் உள்ளன. தொண்டையைச் சுற்றி வளையமாக அமைந்த நரம்புத் தொகுதியே இதன் மூளை எனலாம். இந்த 302-இல் 20 செல்கள் தொண்டைக்கே உரியவை. தலையின் இருபுறமும் உள்ள ஆம்பிட் என்னும் உணர்வுறுப்புகள் வேதிப்பொருள்களையும் வெப்பநிலையையும் அறிகின்றன. கண்கள் இல்லை. எந்தப் பாக்டீரியா நல்ல உணவு, எது நோய் தருவது என்பதை வாசனையால் கற்றுக்கொள்ளும் திறன் இப்புழுவுக்கு உண்டு.

இனப்பெருக்கம்: இருபாலிப் புழு தன் விந்தணுக்களைக் கொண்டு ஏறத்தாழ 300 குஞ்சுகளை உண்டாக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு நான்கு பருவங்களைக் கடந்து முதிர்ச்சி அடைகிறது. ஆய்வகத்தில் இதன் ஆயுள் 2 முதல் 3 வாரங்கள்.

செல்களை எண்ணியவர்கள்

பிரென்னரின் ஆய்வகத்தில் சேர்ந்த ஜான் சல்ஸ்டன் (1942–2018), உயிருள்ள புழுவின் செல்கள் பிரிவதை நுண்ணோக்கியில் நேரடியாகக் கண்டு வரைந்தார். புழுவின் உடல் ஒளி ஊடுருவுவதால் இது இயன்றது. அமெரிக்காவிலிருந்து வந்த ராபர்ட் ஹார்விட்சுடன் சேர்ந்து, முட்டையிலிருந்து வெளிவந்த பின் நடைபெறும் செல் பிரிவுகளை 1977-இல் வெளியிட்டார். அடுத்துக் கருவின் செல் பிரிவுகளை எடுத்துக்கொண்டார். நாள்தோறும் இரு வேளை, வேளைக்கு நான்கு மணி நேரம் என ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நுண்ணோக்கியின் முன் அமர்ந்து அப்பணியை முடித்தார். முழுமையான செல் வம்சாவளி 1983-இல் வெளியானது.

இருபாலிப் புழுவின் வளர்ச்சியில் இனச்செல்கள் நீங்கலாக 1,090 செல்கள் தோன்றுகின்றன. அவற்றுள் 131 செல்கள் குறித்த நேரத்தில் தாமாகவே இறக்கின்றன. எஞ்சுபவை 959. ஒவ்வொரு புழுவிலும் இக்கணக்கு மாறுவதில்லை. திட்டமிட்ட செல் இறப்பு என்னும் இந்நிகழ்வை இயக்கும் மரபணுக்களை ஹார்விட்ஸ் கண்டறிந்தார். அவற்றை ஒத்த மரபணுக்கள் மனிதரிலும் உள்ளன. புற்றுநோய் ஆய்வில் அவை முதன்மையானவை.

ஜான் ஒயிட், ஐலீன் சௌத்கேட், நிகோல் தாம்சன், பிரென்னர் ஆகியோர் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, 302 நரம்புச் செல்களின் இணைப்புகளை 1986-இல் வெளியிட்டனர். 1998-இல் இப்புழுவின் மரபணுத்தொகுதி வெளியானது. பல செல் விலங்குகளுள் முதலில் படிக்கப்பட்ட மரபணுத்தொகுதி இதுவே. ஏறத்தாழ 10 கோடி கார இணைகளும் 20,000 மரபணுக்களும் இதில் உள்ளன.

பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. தொடர்ந்து 2006-இல் ஆன்ட்ரூ பயர், கிரெய்க் மெல்லோ ஆகியோரும், 2008-இல் வேதியியலில் மார்ட்டின் சால்ஃபி உள்ளிட்ட மூவரும், 2024-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோரும் பரிசு பெற்றனர். இவற்றிலும் எலிகன்ஸில் செய்த ஆய்வுகள் முதன்மைப் பங்கு வகித்தன.

கேட்கப்படாத கேள்வி

இத்தனை ஆண்டுகளும் பாடநூல்களில் எலிகன்ஸ் 'மண்ணில் வாழும் உருளைப்புழு' என்றே எழுதப்பட்டது. அதற்குக் காரணமும் இருந்தது. மோப்பாவின் புழுவும் நிகோனின் புழுவும் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆனால் மோப்பா எடுத்தது மட்கு நிறைந்த மண். ஸ்டானிலண்ட் எடுத்தது மட்கு உரம். மட்கு என்ற சொல் நாளடைவில் உதிர்ந்து, மண் என்ற சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒரு புழு ஓரிடத்தில் கிடைப்பது வேறு. அங்கே உண்டு பெருகி வாழ்வது வேறு. பேருந்து நிலையத்தில் ஒருவரைக் கண்டால் அதுவே அவர் வீடு என்று கொள்ள முடியாது. இவ்வேறுபாட்டை அறிய, புழு எந்தப் பருவத்தில் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பிரான்சின் மேரி-ஆன் பெலிக்ஸும் அவரது குழுவினரும் இவ்வாறு பார்த்தனர். ஆன்ட்வான் பேரியருடன் சேர்ந்து அவர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பிரான்சின் பல இடங்களில் மட்கு உரக் குவியல்களிலிருந்து எலிகன்ஸ் புழுக்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் மிகுதியானவை 'டாவர்' என்னும் உறங்குநிலை இளம்புழுக்களாகவே இருந்தன. உணவு தீர்ந்தாலோ நெரிசல் மிகுந்தாலோ புழு மேற்கொள்ளும் மாற்றுப் பருவம் இது. அதாவது அவை அங்கே பெருகிக்கொண்டிருக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தன.

தேடல் அழுகும் பழங்களுக்கும் தாவரத் தண்டுகளுக்கும் சென்றபோது நிலைமை மாறியது. பாரிசுக்குத் தெற்கே உள்ள ஓர்சே ஊரின் பழத்தோட்டத்தில் உதிர்ந்து அழுகிய ஆப்பிள்களில் எல்லாப் பருவப் புழுக்களும் ஒருங்கே கிடைத்தன. பெலிக்ஸும் பேபியான் துவோவும் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே ஆப்பிளில் 10,000-க்கும் மேற்பட்ட புழுக்கள் இருக்கக்கூடும். இப்புழு உண்டு பெருகும் இடம் வெறும் மண் அன்று. மண்ணின்மேல் அழுகிக்கொண்டிருக்கும் தாவரப் பொருளே என்பது இவ்வாறு தெளிவானது.

அழுகும் பழத்தில் வாழ்க்கை

வாழிடம் தெரிந்தபின், உடலமைப்பின் பல கூறுகளுக்குப் பொருள் விளங்கியது. அழுகும் பழம் திடீரெனக் கிடைக்கும் விருந்து. அது நெடுநாள் நிலைக்காது. சில புழுக்கள் அங்கே வந்து சேர்ந்தால், சில வாரங்களில் பழம் முழுவதும் பெருகி, உணவைத் தீர்த்துவிடுகின்றன. மூன்றரை நாளில் ஒரு தலைமுறை என்ற வேகம் இதற்கே உதவுகிறது. துணையின்றி ஒரு புழு மட்டும் வந்து சேர்ந்தாலும் 300 குஞ்சுகளை உண்டாக்க முடியும். மோப்பா கண்ட இருபால் தன்மையின் பயன் இங்கே தெரிகிறது.

உணவு தீரும் நிலையில் இளம்புழுக்கள் டாவர் பருவத்தை அடைகின்றன. இப்பருவத்தில் வாய் மூடியிருக்கும், கியூட்டிகிள் தடித்திருக்கும், உணவின்றிச் சில மாதங்கள் வாழ முடியும். சாதாரணப் புழு வாழும் காலத்தைவிட இது பல மடங்கு அதிகம். டாவர் புழு சிறு மேடுகளின் உச்சியில் ஏறி, வாலை ஊன்றி நிமிர்ந்து நின்று, உடலை அசைக்கும். அவ்வழியே செல்லும் நத்தை, ஓடில்லா நத்தை, மரவட்டை போன்றவற்றின் மீது தொற்றிக்கொண்டு புதிய இடத்திற்குச் செல்லும். மண்ணிலும் உரக் குவியலிலும் முன்னோர் கண்ட புழுக்கள் பெரும்பாலும் இவ்வாறு பயணத்திலோ காத்திருப்பிலோ இருந்தவை எனலாம்.

இத்தேடலால் இன்னொரு பயனும் விளைந்தது. அழுகும் பழங்களில் தேடத் தொடங்கியபின், சீனோராப்டிடிஸ் பேரினத்தில் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் இனங்களின் எண்ணிக்கை 2011-ஆம் ஆண்டிற்குள் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது.

ஆய்வகப் புழுவும் இயற்கைப் புழுவும்

பிரிஸ்டல் வம்சம் 1951 முதல் வளர்க்கப்பட்டு, 1969-இல்தான் உறைநிலையில் சேமிக்கப்பட்டது. இடைப்பட்ட 18 ஆண்டுகளும் அது தலைமுறை தலைமுறையாகச் செயற்கைச் சூழலில் பெருகியது. காட்டு விலங்கு வீட்டு விலங்காக மாறுவதைப்போல் இப்புழுவும் மாறியது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உணவு உண்ணும் முறை. இயற்கையிலிருந்து எடுக்கப்படும் புழுக்கள் பெரும்பாலும் பாக்டீரியாப் படலத்தின் விளிம்பில் கூட்டமாகச் சேர்ந்து உண்ணும். என்2 புழுவோ தனித்தனியே பிரிந்து உண்ணும். மரியோ டி போனோவும் கோர்னீலியா பார்க்மனும் 1998-இல் இவ்வேறுபாட்டுக்கு ஒரே மரபணுவில் உள்ள ஒரே ஓர் அமினோ அமில மாற்றம் காரணம் என்று காட்டினர். இவை இயற்கையில் உள்ள இரு வகைகள் என்றே முதலில் கருதப்பட்டது. 2009-இல் வெளியான ஆய்வு, தனித்து உண்ணும் பண்பு ஆய்வக வளர்ப்பின்போது தோன்றியது என்று காட்டியது. இனத்தின் இயல்பு என்று எண்ணப்பட்டது உண்மையில் பெட்ரித்தட்டின் விளைவாக இருந்தது.

மற்றொரு செய்தி இன்னும் ஆழமானது. ஜூலி ஆரிஞ்சரின் கேம்பிரிட்ஜ் குழு, எலிகன்ஸின் பெரும்பாலான மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டது. அவற்றுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டில் மட்டுமே வெளிப்படையான மாற்றம் தென்பட்டது. மற்றவை பயனற்றவை என்று இதற்குப் பொருள் இல்லை. சீரான வெப்பநிலையும் தீராத உணவும் உள்ள தட்டில், பகைவரோ நோயோ இல்லாத புழுவுக்குப் பல மரபணுக்களின் தேவை ஏற்படுவதில்லை.

இயற்கைப் புழுக்களை ஆராய்ந்தபோது அத்தேவைகள் புலப்பட்டன. பாரிஸ் அருகே எடுத்த புழுவின் குடலில் 'நெமடோசிடா பாரிசி' என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி இருப்பது 2008-இல் அறிவிக்கப்பட்டது. ஓர்சேயின் அழுகிய ஆப்பிளிலிருந்து வந்த புழுவில் எலிகன்ஸைத் தாக்கும் முதல் இயற்கை வைரஸ் கண்டறியப்பட்டு, 2011-இல் ஓர்சே வைரஸ் என்று பெயர் பெற்றது. 2016-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள், இயற்கைப் புழுவின் குடலில் பலவகைப் பாக்டீரியாக்கள் உயிருடன் தங்கியிருப்பதைக் காட்டின. அவற்றுள் சில புழுவின் வளர்ச்சிக்கு உதவுகின்றன; சில கெடுக்கின்றன. பாக்டீரியா என்பது இப்புழுவுக்கு உணவு மட்டும் அன்று. உடன்வாழ் உயிரும் பகையும் ஆகும்.

மண்வளத்தில் பாக்டீரியா உண்ணிகளின் பங்கு

எலிகன்ஸின் வீடு மண் அன்று என்றாலும், மண்ணையே வீடாகக் கொண்ட பாக்டீரியா உண்ணும் உருளைப்புழுக்கள் பல உள்ளன. 2019-இல் வெளியான உலகளாவிய ஆய்வு, நிலத்தின் மேல்மண்ணில் ஏறத்தாழ 44 லட்சம் கோடி கோடி உருளைப்புழுக்கள் இருப்பதாக மதிப்பிட்டது. இவற்றுள் பெரும் பங்கு பாக்டீரியா உண்ணிகள்.

இவற்றின் பணி பயிருக்கு நன்மை தருவது. பாக்டீரியாவின் உடலில் நைட்ரஜன் மிகுதி. புழுவுக்கு அவ்வளவு தேவையில்லை. மிகுதியான நைட்ரஜனை அம்மோனியமாக வெளியேற்றுகிறது. அதனைத் தாவர வேர்கள் எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் ரஸ்ஸல் இங்கம் குழுவினர் 1985-இல் வெளியிட்ட சோதனையில், பாக்டீரியாவுடன் அதனை உண்ணும் புழுக்களும் இருந்த மண்ணில் வளர்ந்த புல், பாக்டீரியா மட்டும் இருந்த மண்ணில் வளர்ந்த புல்லைவிடத் தொடக்கத்தில் வேகமாக வளர்ந்தது. ஆகவே 'நூற்புழு' என்றாலே பகை என்று கருதுவது சரியன்று. வாயில் ஊசி உள்ளதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மாணவர்கள் காணும் முறை

தனித்து வாழும் உருளைப்புழுக்களைக் காண எளிய முறை ஒன்று உண்டு. குஸ்தாவ் பேர்மன் என்பவர் ஜாவாத் தீவில் மண்ணிலுள்ள கொக்கிப்புழு இளம்புழுக்களைப் பிரிக்க 1917-இல் வகுத்தது இது.

ஒரு புனலின் அடியில் சிறு இரப்பர்க் குழாயைப் பொருத்தி, கவ்வியால் இறுக்கி மூடவும். புனலில் நீர் நிரப்பவும். இரண்டு கரண்டி மட்கு உரத்தையோ அழுகிய பழத்துண்டையோ மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, நீரைத் தொடுமாறு புனலின் மேல் வைக்கவும். ஓர் இரவு விட்டுவிடவும். புழுக்கள் நெளிந்து துணிக்கு வெளியே வரும். அவற்றால் நீரில் மேல்நோக்கி நீந்த முடியாது. ஆகவே அடியில் தங்கும். மறுநாள் கவ்வியைத் தளர்த்திச் சில துளி நீரைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, பள்ளி நுண்ணோக்கியில் 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்க்கவும். வாயில் ஊசி இல்லாமல், தொண்டைக் குமிழ் தெளிவாகத் தெரிந்தால் அது பாக்டீரியா உண்ணியாக இருக்கலாம். இனத்தை உறுதிசெய்ய வல்லுநரின் துணை வேண்டும். மண்ணில் ஒட்டுண்ணிகளின் இளம்புழுக்களும் இருக்கக்கூடும் என்பதால் கையுறை அணிவதும், பின்னர் சோப்பால் கை கழுவுவதும் கட்டாயம்.

தேடும்போது எங்கிருந்து எடுத்தோம், என்று எடுத்தோம், அங்கே முட்டையும் இளம்புழுவும் முதிர்புழுவும் சேர்ந்து இருந்தனவா என்பவற்றைக் குறித்துவைக்க வேண்டும். எலிகன்ஸின் உறவினமான சீனோராப்டிடிஸ் பிரிக்சேயின் மரபணுத்தொகுதி 2003-இல் வெளியானது. அதற்குப் பயன்பட்ட 'ஏஎப்16' வம்சம் இந்தியாவின் அகமதாபாத் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அங்கும் குறிப்பேட்டில் நிலைத்தது 'மண்' என்ற சொல்தான். அருகில் என்ன பழம் உதிர்ந்து கிடந்தது என்பதையும் ஒரு வரி எழுதிவைப்பது, அடுத்து வருபவரின் பல ஆண்டு உழைப்பை மிச்சப்படுத்தும்.